65-ல மட்டும் திக்குற வண்டி

ஸ்டார்ட் ஆகாத வண்டின்னா தெருவே தள்ளிவுட வரும். ரோட்டோரம் புகை கக்கிட்டு நின்னா போறவங்க வர்றவங்கல்லாம் பானெட்ட தொறக்கச் சொல்லி யோசனை சொல்லுவாங்க. ஆனா வண்டி நல்லாத்தான் ஓடுது, ஸ்டார்ட்டிங் சரியா இருக்கு, பிக்கப் இருக்கு, ஒரே சீரா 65-ல போறப்ப மட்டும் திக்குதுன்னு சொல்லிப் பாருங்க, எதிர்ல நிக்கிறவர் மூஞ்சியில ஒரு சிரிப்பு வரும் பாருங்க, அதுவும் சொல்றது பொம்பளைன்னா அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் அகலமா வரும். கோளாறு இப்ப சரியாயிடுச்சு, வண்டி ஜம்முனு ஓடுது. ஆனா அதக் கண்டுபிடிச்ச விதமும் அதுக்கு முன்னாடி கண்டுபிடிக்காம விட்ட விதமும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதிடலாம்னு ஒக்காந்தேன்.

நான் லாஸ்பேட்டையிலேருந்து மரக்காணம் பக்கம் ஒரு பேங்க் பிராஞ்சுக்கு தெனமும் ஈசிஆர்ல போயிட்டு வர்றவ. வண்டி 2011 மாடல், சின்ன பெட்ரோல் கார், மேனுவல் கியர், ஆக்சிலேட்டர் பெடல்லேருந்து த்ராட்டிலுக்கு, அதாவது இன்ஜினுக்குக் காத்து போற வழிய தொறந்து மூடுற சாமானுக்கு, கேபிள் போற பழைய டைப்பு. சிவாஜி சிலை தாண்டி கோட்டக்குப்பம் நெரிசல்ல நெளிஞ்சு வெளிய வந்து, பொம்மையார்பாளையம், காலாப்பட்டு எல்லாம் கடந்து, கனகசெட்டிக்குளம் தாண்டுனதும் ரோடு கொஞ்சம் மூச்சு விடும். டாப் கியர் போட்டு 65-ல கால அப்டியே வெச்சுட்டா அனுமந்தை டோல்கேட் வரைக்கும் கால அசைக்கவே வேணாம். அந்த இடத்துலதான் ஆரம்பிக்கும். ஒரு நொடிக்கும் கம்மியான நேரம் இழுவை அப்டியே விட்டுப்போவும், ஒடனே சடக்குன்னு திரும்ப வரும், முதுகு லேசா சீட்ட விட்டு முன்ன வந்து பின்ன போவும். கொஞ்ச தூரம் ஒண்ணும் இருக்காது, அப்புறம் தொடர்ச்சியா ரெண்டு மூணு. மீட்டர்ல எந்த வெளக்கும் எரியாது. ஆர்பிஎம் முள்ளு கூட பெருசா ஆடாது. கால இன்னும் கொஞ்சம் அழுத்துனா போயிடும், கொஞ்சம் எடுத்தாலும் போயிடும். திரும்ப அதே எடத்துல வெச்சா திரும்ப வரும்.

இந்தக் கடைசி ரெண்டு வரியிலதான் மொத்த விஷயமும் இருந்துச்சு. நான் அத ஆரம்பத்துலேருந்து போற எடத்துலல்லாம் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். கேக்குறதுக்குத்தான் ஆள் இல்ல.

ட்ரையல்ல வராத கோளாறு

எப்பவும் சர்வீஸ் விடுற எடத்துல வண்டிய விட்டேன். "ட்ரையல் பாத்துட்டு வர்றோம் மேடம்"னு ஒரு பையன் எடுத்துட்டுப் போவான், போன வேகத்துல திரும்பி வருவான், "நல்லாத்தான் இருக்கு மேடம்"பான். அந்த வொர்க்‌ஷாப் இருக்கிறது டவுனுக்குள்ள. ரெண்டு பக்கமும் சிக்னல், நடுவுல ஷேர் ஆட்டோ, மாடு, ராங் ரூட்ல வர்ற டெலிவரி பசங்க. அந்த ரோட்டுல மூணாவது கியர் போடுறதே பெரிய விஷயம், இதுல டாப் கியர்ல 65-ல பத்து நிமிஷம் கால அசைக்காம யாரு ஓட்டுவா, எங்க ஓட்டுவா? என் வண்டிக்கு நோவு வர்றது ஈசிஆர்ல, நாடி புடிச்சுப் பாக்குறது ஊருக்குள்ள. மரக்காணம் ரோட்டுக்கு வாங்க, நானே ஓட்டிக் காட்டுறேன்னு கூப்பிட்டேன், அவ்ளோ தூரம்லாம் ஆள் அனுப்ப முடியாதுன்னுட்டாங்க. அதுகூட பரவால்ல, ஆள் பத்தாக்குறைன்னு எடுத்துக்கலாம். "கிளட்ச் மேலயே கால வெச்சுட்டு ஓட்டுறீங்களா மேடம்?"னு ஒருத்தர் கேட்டாரு, இன்னொருத்தர் "சார ஒரு தடவ வரச் சொல்லுங்களேன், அவரு சொன்னா கரெக்டா புரியும்"னாரு. எங்க வீட்டுக்காரருக்கு கார் ஓட்டவே தெரியாது, அவரு பைக் ஆளு. அவர வரச் சொன்னா ஏசி காத்து நல்லா வருதான்னு மட்டும்தான் சொல்லுவாரு.

அப்புறம் ஆரம்பிச்சுது மாத்துற படலம். மிஸ்ஸிங் அடிக்குதுன்னு ஜாப் கார்டுல ஒரே வார்த்தை எழுதிக்கிட்டாங்க, மிஸ்ஸிங்னா ப்ளக், ப்ளக்குக்கப்புறம் அதுக்கு கரண்ட் குடுக்கிற காயில், காயிலுக்கப்புறம் இன்ஜெக்டர் க்ளீனிங், அதுக்கப்புறம் த்ராட்டில் பாடி க்ளீனிங், வரிசை அவங்களுக்கு மனப்பாடம். ஒவ்வொண்ணு முடிஞ்சதும் பில்லு வரும், மறுநாள் காலையில கனகசெட்டிக்குளம் தாண்டுனதும் அந்தச் சடக்கும் வரும். த்ராட்டில் பாடி கழுவினப்புறம் கொஞ்ச நாள் கொறஞ்ச மாதிரி ஒரு பிரமை இருந்துச்சு, அப்புறம் பழைய குருடி கதவத் தொறடின்னு ஆயிடுச்சு. அடுத்து பெட்ரோல் பம்ப மாத்திப் பாக்கலாம்னாங்க, டேங்க்க எறக்கணும்னாங்க. அங்கதான் நான் நிறுத்துனேன்.

ஏன் நிறுத்துனேன்னா, அதுக்குள்ள நான் கொஞ்சம் படிக்க ஆரம்பிச்சிருந்தேன். கால நல்லா அழுத்தினா சிலிண்டருக்குள்ள காத்து நெறைய போவும், உள்ள அழுத்தம் கூடும், அவ்ளோ அழுத்தத்துல ப்ளக்குல பொறி தாண்டணும்னா வோல்டேஜ் அதிகம் வேணும். அதனால காயில் வீக்கா இருந்தா லாரிய ஓவர்டேக் பண்றப்பவும் பாலம் ஏறுறப்பவும்தான் மொதல்ல காட்டிக் குடுக்கும். பம்பும் ஃபில்டரும் அப்டித்தான், இன்ஜின் பெட்ரோல் நெறைய கேக்குற நேரத்துலதான் பத்தாம போவும். என் வண்டி இதுக்கு நேர் எதிர், அழுத்தினா ஓடிப்போற கோளாறு. காலே பாரமில்லாம வெச்சிருக்கிற நேரத்துல வர்றதுன்னா காத்து, கலவை, சென்சார் இந்தப் பக்கம்தான் மொதல்ல பாக்கணும். ப்ளக்க மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன், முனை தேஞ்சு இடைவெளி அகண்டு போன ப்ளக்கு லைட்டா போறப்பவும் பொறி தவறும், தவிர அது எப்படியும் மாத்த வேண்டிய வயசுதான். ஆனா காயில்? பம்பு? "அழுத்தினா போயிடுதா, போவலையா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா காயில் பில்லும் வந்திருக்காது, பம்பு பேச்சும் வந்திருக்காது.

எல்லாத்துக்கும் நடுவுல பெட்ரோல் பஞ்சாயத்து வேற. இப்பல்லாம் வண்டி தும்மினா கூட இ20ன்னு சொல்றதுதான் வழக்கம். 2022ல 10 சதவீதமா இருந்த எத்தனால் கலப்பு 2025ல 20 ஆயிடுச்சு, என் வண்டி அதுக்காகச் செஞ்ச வண்டி இல்ல, ரப்பர் ஐட்டம்லாம் நாள்பட கெடலாம், தண்ணிய இழுக்கும், மைலேஜ் கொஞ்சம் அடி வாங்கும், இதெல்லாம் நெசம்தான். எத்தனால்ல பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி. ஆனா அதுக்காக 65-ல மட்டும், ஒரு குறிப்பிட்ட எடத்துல கால வெச்சா மட்டும் திக்க வைக்கிற அளவுக்கு எத்தனாலுக்கு வெவரம் பத்தாது. எங்க பிராஞ்சுல ஒருத்தர் பாண்டி பெட்ரோலே மட்டம்னுவாரு, நாலஞ்சு ரூபா கம்மின்னு அவரே காலாப்பட்டுல வண்டிய நிறுத்தி ஃபுல் டேங்க் அடிச்சுட்டுப் போற ஆளு. இன்னொருத்தர் கீழ்புத்துப்பட்டு ஐயனாருக்கு ஒரு தேங்கா ஒடச்சுட்டுப் போ, சரியாயிடும்னாரு. ஒடச்சேன். அந்தச் செலவு மட்டும் எனக்கு வருத்தமே இல்ல.

சாயங்காலம் ஏன் வரல

எங்க பிராஞ்சுல அட்டெண்டரா இருக்கிற அண்ணன் என்கூடத்தான் வண்டியில வருவாரு. வைத்திக்குப்பத்துக்காரர், சின்ன வயசுல அப்பாகூட கடலுக்குப் போனவர், அப்புறம் படிச்சு இந்த வேலைக்கு வந்துட்டாரு. அதிகம் பேச மாட்டாரு, முன் சீட்டுல ஒக்காந்து பேப்பர மடிச்சு வெச்சுட்டு ரோட்டப் பாத்துக்கிட்டே வருவாரு. நான்தான் தெனமும் புலம்புவேன், மாத்துன சாமான் லிஸ்ட சொல்லிச் சொல்லி. ஒரு நாள் சாயங்காலம் திரும்பி வர்றப்ப, சித்திரை வெயில் அடங்கி எதிர்க்காத்து பேய்க்காத்தா அடிக்குது, உப்பளம் பக்கமிருந்து மண்ணு பறக்குது, அவரு சும்மா பேச்சு வாக்குல சொன்னாரு: "மேடம், இது காலையில போறப்பதான் மக்கர் பண்ணுது. சாயங்காலம் சோழகக் காத்து எதுத்து அடிக்குதுல்ல, அப்ப கம்முனுதான் போவுது. கவனிச்சீங்களா?"

கவனிக்கல. சத்தியமா தோணவே இல்ல. காலையில அந்த எரிச்சல்லயே பிராஞ்சுக்குப் போயி எறங்குறேன், சாயங்காலம் வீட்டு நெனப்புல வர்றேன், வராததப் பத்தி யாருக்கு நெனப்பு இருக்கும்? அவரு சொன்னப்புறம்தான் மனசுல ஒண்ணு ஒண்ணா ஓட்டிப் பாக்குறேன், ஆமா, சாயங்காலத்துல வந்ததே அபூர்வம். அதே வண்டி, அதே ரோடு, அதே பெட்ரோல், அதே 65. போறப்ப வடக்க பாத்துப் போறோம், காலையில காத்தே இருக்காது, இருந்தா முதுகுப் பக்கம் லேசா தள்ளும். வர்றப்ப தெக்க பாத்து வர்றோம், காத்து மூஞ்சியில அடிக்குது, போதாததுக்கு வெயில்ல காஞ்ச வண்டிக்கு ஏசி ஃபுல்லு. அதே 65-ல போகணும்னா கால இன்னும் கொஞ்சம் அதிகமா அழுத்தியாகணும். அப்போ மாறுறது வேகமில்ல, என் காலு இருக்கிற எடம். பெட்ரோல்ல தப்புன்னா அதுக்குக் காலை மாலை தெரியுமா? காயில்ல தப்புன்னா காத்த எதுத்துப் போற சாயங்காலத்துலதான அது அதிகம் வரணும்?

இவ்ளோ நாளா எல்லாரும், நானும் சேத்துத்தான், "65-ல வருது"ன்னே சொல்லிட்டிருந்தோம். வேகம்ங்கிறது மீட்டர்ல தெரியுது, அதனால அதச் சொல்றோம். கால் எவ்ளோ அழுத்தியிருக்குன்னு காட்டுறதுக்கு டேஷ்போர்டுல முள்ளு எதுவும் கெடையாது. அதனால அது பேச்சுல வர்றதே இல்ல. அன்னைக்கு கோட்டக்குப்பத்துல அவர எறக்கி விடுற வரைக்கும் நான் வேற எதுவுமே பேசல, அவரு எனக்கு என்னமோ கோவம்னு நெனச்சிருப்பாரு.

அடுத்த ஞாயித்துக்கெழம விடியக்காலையில ரோடு காலியா இருக்கிறப்ப பொண்ண கூட ஒக்கார வெச்சுக்கிட்டு கெளம்பிட்டேன். மொதல்ல டாப் கியர்ல 65, வந்துச்சு. அதே 65-ல நாலாவது கியர், போயிடுச்சு, ஆனா வேகத்த கொறச்சுக் கொண்டுவந்தா நாலாவதுலயும் ஒரு எடத்துல வந்துச்சு. ஏசிய போட்டா 65-ல வரல, கொஞ்சம் கொறைச்சா வந்துச்சு. இதுலேருந்து சிலது தானா கழிஞ்சு போவுது. ரோட்டு வேகத்தோட சேந்து வந்தா வீல் பக்கம், டிரைவ் ஷாஃப்ட் பக்கம் பாக்கணும். ஆர்பிஎம்மோட சேந்து வந்தா இன்ஜின் சுத்துற சம்பந்தமான எதையாவது பாக்கணும். ரெண்டும் இல்லாம கால் இருக்கிற எடத்தோடயே கூட வருதுன்னா, அந்த எடத்த அளந்து சொல்ற சாமான்தான் மொத சந்தேகம். த்ராட்டில் பொசிஷன் சென்சார், மெக்கானிக்குங்க டிபிஎஸ்னு சொல்றது.

ஆன்லைன்ல வாங்குன ப்ளூடூத் ஸ்கேனர் ஒண்ணு இருந்துச்சு, அத மாட்டி போன்ல பொண்ண பாக்கச் சொன்னேன். ஃப்யூயல் ட்ரிம்முன்னு ஒரு நம்பர் வரும், வண்டிக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர் பெட்ரோல எவ்ளோ கூட்டிக் கொறைக்குதுன்னு காட்டுறது. அது பூஜ்யத்தச் சுத்தியே நின்னுச்சு. எங்கயாவது டியூப்பு வெடிச்சு காத்து திருட்டுத்தனமா உள்ள போனா ஐடிலிங்ல அது நல்லா ஏறியிருக்கணும், ஏறல, அதனால காத்து லீக்குங்கிற சந்தேகமும் போச்சு. அப்புறம் த்ராட்டில் சதவீதம். "ம்மா, 16... 16... 16... 16..."ன்னு பாராயணம் மாதிரி சொல்லிட்டே வந்தா. சடக்கு வந்துச்சு, 16ன்னா. இன்னொரு சடக்கு, அப்பவும் 16. எனக்கே நம்பிக்கை போற நேரத்துல "ஐயோ ம்மா, இப்ப 7ன்னு வந்துட்டுப் போச்சு!"ன்னு கத்துனா. கால் அசையல, கம்ப்யூட்டருக்கு மட்டும் நான் கால எடுத்துட்டேன்னு தெரிஞ்சிருக்கு. மத்த சடக்கெல்லாம் ஏன் தெரியலன்னா, இந்த மாதிரி மலிவு ஸ்கேனர் நம்பர மெதுவாத்தான் புதுப்பிக்கும், நடுவுல நடக்கிறது அதுக்குத் தெரியாது.

முள்ளு மீட்டர்

இத எடுத்துக்கிட்டு திரும்ப அந்த வொர்க்‌ஷாப்புக்குப் போக மனசு வரல. பிராஞ்சுக்கு வர்ற ஒரு லாரி ஓனர் சொன்னாருன்னு மேட்டுப்பாளையம் லாரி டெர்மினல் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போனேன். வயசானவர், ஒரு தகர ஷெட்டு, ஒரு பெஞ்சு, சொவத்துல ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனம் இன்னும் காஞ்சு கெடக்கு. நான் சொல்ல ஆரம்பிக்கிறதுக்கு முன்ன அவரே கேட்டாரு: எந்த கியர்ம்மா? மேடு ஏறுறப்ப வருதா? ஏசி போட்டா? காலையிலயா, இன்ஜின் சூடானப்புறமா? லேசா அழுத்தினா என்ன ஆவுது? ஒவ்வொரு பதிலுக்கும் தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாரு. இவ்ளோ நாள்ல மொத ஆளு. எனக்கு அங்கயே பாதி காசு குடுத்துரலாம்னு தோணிச்சு.

சாவிய ஆன்ல வெச்சாரு, இன்ஜின ஸ்டார்ட் பண்ணல. த்ராட்டில் பாடியோட ஓரத்துல, கேபிள் சுத்துற சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம், தீப்பெட்டி அளவுல ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா, அதுலேருந்து மூணு வயரு. ஒண்ணு 5 வோல்ட், ஒண்ணு எர்த்து, ஒண்ணு சிக்னல். வயர மாட்டுற கப்ளரோட பின்பக்கம் வயரு போற ஓட்டையில ரெண்டு குண்டூசிய மெதுவா சொருவினாரு, எர்த்துல ஒண்ணு, சிக்னல்ல ஒண்ணு, அதுல மீட்டர மாட்டினாரு. மீட்டரு பழைய முள்ளு மீட்டரு, கண்ணாடி ஒரு மூலையில விரிஞ்சிருக்கு. டிஜிட்டல் இல்லையான்னு கேட்டேன். "இருக்கு, ஆனா இதுக்கு அது ஆவாதும்மா, அது நம்பர் மாத்திக் காட்டுறதுக்குள்ள இது வந்துட்டுப் போயிடும்"னாரு. மொதல்ல கப்ளர புடிச்சு ஆட்டினாரு, வயர நெளிச்சாரு, மரக்காணத்து உப்புக் காத்துல பின்னு கருத்துப் போய் காண்டாக்ட் விடுதான்னு பாக்க. முள்ளு அசையல. சரி, வயரு சுத்தம்.

அப்புறம் அந்தச் சக்கரத்த கட்டைவெரலால ரொம்ப ரொம்ப மெதுவா திருப்ப ஆரம்பிச்சாரு. முள்ளு அரை வோல்ட்டுலேருந்து கெளம்பி சீரா ஏறுது. 1 வோல்ட்ட கொஞ்சம் தாண்டுனதும், தொபுக்குன்னு கீழ விழுந்து மேல வந்துச்சு. அவரு அங்கயே நிறுத்தி, நூல் அளவு முன்ன, நூல் அளவு பின்ன. ஒவ்வொரு தடவையும் முள்ளு விழுது. அத தாண்டி 4 வோல்ட்டு வரைக்கும் கொண்டுபோனாரு, வழவழன்னு போச்சு, திரும்ப வந்தாரு, அதே எடத்துல விழுந்துச்சு. என்ன பாக்கக்கூட இல்ல, மீட்டரப் பாத்துக்கிட்டே சொன்னாரு: "இங்கதாம்மா இருக்கு ஒங்க 65."

பழைய வால்வு ரேடியோ, டேப் ரெக்கார்டர்லல்லாம் வால்யூம் திருப்புறப்ப ஒரு எடத்துல மட்டும் கரகரன்னு சத்தம் வருமே, கிட்டத்தட்ட அதே சாமான்தான் இது. உள்ள ஒரு கார்பன் பட்டை, அது மேல ஒரு சின்ன உலோக வெரல் ஒரசிக்கிட்டே நகரும், எந்த எடத்துல நிக்குதோ அதுக்கேத்த வோல்டேஜ் வெளிய வரும். அந்த வெரலு எங்க அதிகம் நிக்குதோ அங்கதான் பட்டை தேயும். நின்னாலும் சும்மா நிக்காது, இன்ஜின் அதிர்வுல அங்கயே குறுகுறுன்னு ஒரசிக்கிட்டே இருக்கும். வருஷக்கணக்கா ஒரே ரோட்டுல ஒரே வேகத்துல ஒரே எடத்துல கால வெச்சு நான் ஓட்டியிருக்கேன், அது அங்க தேஞ்சிருக்கு. டவுனுக்குள்ளயே ஏறி எறங்கி ஓட்டுற ஒருத்தர் வண்டியில இது தேயுறதே வேற விதமா இருக்கும்.

தேஞ்ச எடத்துல வெரலு ஒரு கணம் தொடுப்பு விடுறப்ப வோல்டேஜ் விழுது. கம்ப்யூட்டர் பாவம், அதுக்கு அந்த வோல்டேஜ்தான் என் காலு. கால எடுத்துட்டான்னு நெனச்சு பெட்ரோல நிறுத்துது, எறக்கத்துல கால எடுத்தா மிச்சம் புடிக்கிறதுக்காக எப்பவும் நிறுத்துற அதே மாதிரி. அடுத்த கணமே வோல்டேஜ் திரும்புது, திடீர்னு அழுத்திட்டான்னு நெனச்சு பெட்ரோல கூட்டி ஊத்துது. அதான் அந்தச் சடக்கு. வெளக்கு ஏன் எரியலன்னா, இந்த மாதிரி வண்டியில கம்ப்யூட்டர் முக்கியமா பாக்குறது வயரு அறுந்துதா, ஷார்ட் ஆச்சான்னுதான், வோல்டேஜ் ஒரேயடியா அடிமட்டத்துக்கோ உச்சிக்கோ போயி கொஞ்ச நேரம் அங்கயே நின்னாதான் பி0122, பி0123ன்னு எரர் கோடு போடும். கண் இமைக்கிற நேரத்துல பாதிக்கு விழுந்து திரும்புறத அது கோளாறாவே எடுத்துக்காது. ஸ்கேனர்ல எரர் கோடு இல்லன்னா வண்டியில கோளாறு இல்லன்னு எழுதிக் குடுக்கிற எடங்கள இனிமே நான் நம்புறதா இல்ல.

இப்ப வர்ற வண்டில நெறைய த்ராட்டிலுக்கு கேபிளே கெடையாது, எல்லாம் வயருதான், பெடல்ல ரெண்டு சென்சார், த்ராட்டில்ல ரெண்டு, ஒண்ணு சொல்றது இன்னொண்ணோட ஒத்துப்போகலன்னா ஒடனே வெளக்கு எரிஞ்சிடும். பலதுல ஒரசுற சமாச்சாரமே இல்ல, காந்தத்த வெச்சு அளக்குறாங்க. அதனால இந்த நோவு எங்கள மாதிரி பழைய வண்டிக்காரங்களுக்குத்தான்.

புது சென்சார் வாங்கிட்டு வந்து போட்டோம். ஸ்குரூ போடுற ஓட்டை கொஞ்சம் நீளமா இருக்கும், சென்சார லேசா திருப்பி வெக்கிறதுக்கு. அவரு முள்ளு மீட்டர வெச்சே, த்ராட்டில் மூடியிருக்கிறப்ப பழைய அரை வோல்ட்டுக்குக் கொண்டுவந்து டைட் பண்ணினாரு. காயிலுக்கு குடுத்த காசுல பாதிகூட ஆவல. பழச அவரே ஸ்குரூ டிரைவர வெச்சு நெம்பித் தொறந்து காட்டுனாரு. கறுப்புப் பட்டையில ஒரு எடம் மட்டும் சாம்பல் கலருல மினுமினுன்னு, அரிசி முனை அளவு கூட இருக்காது. நகத்த வெச்சு இழுத்துப் பாத்தேன், அங்க மட்டும் லேசா பள்ளம் தட்டுச்சு. மறுநாள் காலையில அட்டெண்டர் அண்ணன் வண்டியில ஏறுனதும் விஷயத்தச் சொன்னேன், அனுமந்தை வரைக்கும் ரெண்டு பேரும் காதத் தீட்டிக்கிட்டே போனோம், ஒண்ணும் வரல. "போட்டுல இதுமாதிரி நோண்டி சாமான் ஒண்ணும் கெடையாது மேடம், டீசல் ஊத்துனா ஓடும்"னு சொல்லிட்டு பேப்பர விரிச்சுட்டாரு.

ஆட்டோமேட்டிக் வெச்சிருக்கவங்களுக்கு

இத நான் எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டு இருக்கேன்னு தெரிஞ்சு, கடலூர்ல வேற பிராஞ்சுல இருக்கிற என் ஃப்ரெண்டு ஒருத்தி போன் பண்ணா. அவ வண்டி ஆட்டோமேட்டிக், டார்க் கன்வெர்ட்டர் டைப்பு, அதாவது இன்ஜின் இழுவை கியருக்கு ஆயில் வழியா போறது. விழுப்புரம் நாலு வழி ரோட்டுல 70-ல போறப்ப ரோட்டுல வரிவரியா கோடு போட்ட எடத்துல போற மாதிரி ஒரு நடுக்கம், அழுத்தினா போயிடுது. அப்போ எனக்கும் டிபிஎஸ்தானேன்னு கேக்குறா. இல்லடி, அவசரப்படாதன்னேன். இந்த மாதிரி கியர்பாக்ஸ்ல, ஒரு வேகத்துக்கு மேல சீரா போறப்ப உள்ள ஒரு கிளட்ச் புடிச்சு இன்ஜினையும் கியரையும் நேரா பூட்டிடும், லாக்கப்புன்னு சொல்றது. அந்தக் கிளட்ச் சரியா புடிக்காம வழுக்கி வழுக்கிப் புடிச்சாலோ ஆயில் செத்துப் போயிருந்தாலோ வண்டி நடுங்கும், ஒக்காந்திருக்கிறவங்களுக்கு அப்டியே இன்ஜின் மிஸ்ஸிங் மாதிரியே இருக்கும், அத நம்பி ப்ளக்கும் காயிலும் மாத்துனவங்க எக்கச்சக்கம். ரோடு காலியா இருக்கிற எடத்துல, பின்னாடி வண்டி இல்லன்னு நல்லா பாத்துக்கிட்டு, நடுக்கம் வர்றப்ப ஆக்சிலேட்டர் கால எடுக்காம எடது காலால பிரேக்க சும்மா தொட்டுப் பாரு, வேகம் கொறையக் கூடாது, பின்னாடி லைட் எரியற அளவு போதும், பிரேக்க தொட்டா அந்தக் கிளட்ச் விட்டுரும்னேன்.

நேத்து ராத்திரி திரும்ப போன் பண்ணா. தொட்டதும் நடுக்கம் நின்னுருச்சாம், பிரேக்குலேருந்து கால எடுத்ததும் கொஞ்ச நேரத்துல திரும்ப வந்துச்சாம். கியர் ஆயில் எப்ப மாத்துனன்னு கேட்டேன், அது லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேணாம்னு ஷோரூம்ல சொன்னாங்களேங்கிறா. வர்ற சனிக்கெழம காயில் மாத்துறதுக்கு வொர்க்‌ஷாப்ல டைம் குடுத்திருக்காங்களாம், அத கேன்சல் பண்ணிட்டு மொதல்ல ஆயில எறக்கி என்ன கலர்ல இருக்குன்னு பாக்கச் சொல்லி இருக்கேன்.